பயன் கேட்ட நண்பர்

சிந்தனை, கல்வி, நட்பு என்னும் மூன்று சொற்களையும் நாம் தனித்தனியே வழங்கி வருகின்றோம். சிந்தனை தனிமையிலே பிறப்பது. கல்வி பள்ளிக்கூடத்திலே கிடைப்பது. நட்பு ஓய்வு நேரத்துக்கு உரியது என்று ஒரு பங்கீடு நம் மனத்திலே எப்படியோ ஏற்பட்டுவிட்டது. காலையிலே படிப்பு, மாலையிலே நண்பர், இரவிலே உறக்கம் வராவிட்டாற் சிந்தனை! வாழ்க்கை பயனுடையதாதல் வேண்டுமென்று விரும்பாதவர் எவருமிலர். ஆனால், அந்தப் பயன் இம்மூன்றும் ஒன்றோடொன்று கலக்கின்ற இடத்திலேதான் விளைகின்றது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதனை வெறும் உபதேசமாகச் சொன்னால் எவருக்கும் சுவைக்காது. ஆகவே, வாழ்ந்து காட்டிய ஒருவரை முன்வைத்தே இதனை ஆராய விரும்புகின்றோம். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டிலே பிறந்து 1942ஆம் ஆண்டிலே மறைந்தவர். தம் முதுமையிலே, 1940ஆம் ஆண்டு முதல் 'ஆனந்த விகடன்' பத்திரிகையிலே 'என் சரித்திரம்' என்னும் பெயரால் தம் வரலாற்றை எழுதி வந்தார். அது முற்றுப்பெறு முன்னரே அவர் காலமாயினார். எழுதிய அளவு 1950ஆம் ஆண்டிலே நூலாக வெளிவந்தது. அந்நூலை ஏட்டுச்சுவடி தேடிய ஒருவரின் கதையாகவே பலரும் படிக்கின்றனர். நாமோ அதனை ஆசிரியர்களையும் நண்பர்களையும் பற்றிய நூலாகவே பலமுறை படித்திருக்கின்றோம். அவ்வாறு படிக்கும்போது, ஒரு மனிதரை ஆக்குவதற்கு எத்தனை பேர் வேண்டியிருக்கின்றது என்பது தெளிவாகப் புலப்படுகின்றது.

சோறும் பாடமும்

ஐயரவர்களின் தந்தையார் ஓர் இசைவாணர், செல்வர் அல்லர். மகனுக்குத் தமிழிலே பிறந்த வேட்கையைக் கண்டு, நல்லாசிரியர் எங்கே உளர் என்று ஊர் ஊராகத் தேடி அலைந்தவர். அந்தத் தேட்டத்தின் முடிவிலே, 1871ஆம் ஆண்டளவில், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் அவரைக் கொண்டுபோய் விட்டார். வேங்கடராமன் என்ற பெயரோடு சென்ற இளைஞர், ஆசிரியரின் விருப்பப்படி சாமிநாதன் என்னும் பெயரோடு பாடங் கேட்கத் தொடங்கினார்.

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டிலே பிறந்தவர். தலபுராணங்கள், அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள் முதலாகப் பாடிக் குவித்தவர். அவர் மாணாக்கரிடத்திலே கூலி வாங்கிப் பாடஞ் சொன்னவரல்லர். தம்மிடம் வந்தவர்களுக்குப் பாடத்தோடு சோறும் போட்டவர். அதனாற் கடனும் பட்டவர். அவருடைய மாணாக்கரிற் கிறித்தவரும் இருந்தனர். புதுவைச் சவராயலு நாயகர் அவருள் ஒருவர். அவருடைய நெருங்கிய நண்பரிலே மாயூரத்து முன்சீப் வேதநாயகம் பிள்ளையும் ஒருவர். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879ஆம் ஆண்டிலே வெளியிட்ட அந்தக் கத்தோலிக்கரைப் பாட்டுடைத் தலைவராக்கி, சைவப் பெரும் புலவராகிய பிள்ளையவர்கள் 'குளத்துக் கோவை' பாடினார். இதனை அக்காலத்தவர் ஒரு புரட்சியாகக் கருதவில்லை. இருவரும் நண்பர், ஆகையாற் பாடினார் என்றே எடுத்துக்கொண்டனர்.

1876ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் முதலாந் தேதி பிள்ளையவர்கள் திருவாவடுதுறையிலே மறைந்தார். அந்த இறுதி நேரத்தை எண்ணும்போதெல்லாம் நம் மனம் ஒரு கணம் அடங்கி நிற்கின்றது. சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவ மாணாக்கர் ஆசிரியரைத் தம் மார்பிலே தாங்கிக்கொண்டிருந்தார். சாமிநாதையர் அருகிலிருந்து திருவாசகம் படித்துக்கொண்டிருந்தார். செல்வம் எதனையும் சேர்த்து வையாத ஓர் ஆசிரியருக்கு வாய்த்த செல்வம் அது. ஆசிரியத் தொழிலின் ஊதியம் மாதமுடிவிலே மட்டும் வருவதன்று என்பதை இதனைக் காட்டிலும் நன்றாக விளக்குவதற்கு வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

இக்காலத்து ஆசிரியர் மாணாக்கருக்குச் சோறு போட்டுப் பாடஞ் சொல்லுதல் இயலாது. எவரும் அதனை எதிர்பார்க்கவும் இல்லை. ஆயினும், மணி அடித்த பின்னரும் ஒரு மாணவனின் ஐயத்துக்காக ஐந்து நிமிடம் நின்று பேசுதல் இன்றும் இயல்வதே. பிள்ளையவர்கள் கொடுத்தது சோறு மட்டுமா? தம் நேரத்தையன்றோ கொடுத்தார்.

இடம் விட்டுக்கொடுத்தவர்

பிள்ளையவர்களின் மாணாக்கருள் மூத்தவர் தியாகராச செட்டியார். கும்பகோணம் அரசினர் கல்லூரியிலே தமிழ்ப் பண்டிதராகப் பெரும்புகழோடு விளங்கியவர். உடல் நலிவினால் அவர் ஓய்வுபெற நேர்ந்தபோது, அந்த இடத்துக்கு எத்தனையோ பேர் கண்வைத்திருத்தல் கூடும். செட்டியாரோ தம் ஆசிரியரின் இளைய மாணாக்கராகிய சாமிநாதையரை, அப்பொழுது திருவாவடுதுறை மடத்திலே பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தவரை, தாமே முன்னின்று பரிந்துரைத்து அப்பதவியிலே அமர்த்தினார். இது நிகழ்ந்தது 1880ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே. ஐயரவர்களைத் தம் அருகிலே வைத்துக்கொள்ள விரும்பிய ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும், பிரிவு வருத்தத்தைப் பொறுத்துக்கொண்டு வாழ்த்தி அனுப்பினார்.

நட்பிலே இரண்டு வகை உண்டு. நம்மோடு இருக்க வேண்டுமென்று விரும்புவது ஒன்று. நம்மை விட்டுப் போனாலும் உயர வேண்டுமென்று விரும்புவது மற்றொன்று. தேசிகரின் நட்பு முதலாவது வகையிலிருந்து இரண்டாவது வகைக்கு உயர்ந்தது. செட்டியாரின் நட்போ, தாம் இருந்த நாற்காலியையே இளையவருக்குத் துடைத்துக் கொடுத்தது. தாம் விலகும்போது தமக்குப் பின் வருபவர் தம்மிலும் சிறியவராய் இருந்தால் நல்லது என்று உள்ளூர எண்ணுகின்ற மனித இயல்பை நாம் அறிவோம். அந்த இயல்பை வென்றவர்கள் உலகத்திலே மிகச் சிலரே.

ஐயரவர்கள் இதனை மறக்கவில்லை. பின்னாளிலே சென்னைத் திருவல்லிக்கேணியிலே தாம் வாழ்ந்த வீட்டுக்குத் 'தியாகராஜ விலாசம்' என்று பெயரிட்டார். அவ்வீடு இன்று இல்லை. ஆனால், நன்றியை வாசற்படியிலே எழுதி வைத்த அந்தச் செயல் தமிழர் நினைவிலே இருக்கின்றது.

ஒரு கேள்வி

கல்லூரியிலே அமர்ந்த அதே ஆண்டு அக்டோபர் மாதத்திலே, ஐயரவர்களின் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட சந்திப்பு நிகழ்ந்தது. சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்தார். ஐயரவர்கள் அவரைக் காணச் சென்றார். அப்பொழுது ஐயருக்கு வயது இருபத்தைந்து, மகாவித்துவானின் மாணாக்கர், கல்லூரிப் பண்டிதர். மனத்திலே ஒரு நிறைவு இருந்திருத்தல் இயல்பே.

முதலியார் ஆர்ப்பாட்டமான வரவேற்பு எதுவும் அளிக்கவில்லை. யாரிடம் படித்தீர், என்னென்ன நூல்கள் படித்தீர் என்று கேட்டார். ஐயரவர்கள் அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என்று வரிசையாக அடுக்கினார். இவற்றாலெல்லாம் பயன் என்ன என்பதுபோல முதலியார் கேட்டுவிட்டார். பெரிய காவியங்களையும் இலக்கண நூல்களையும் கூறியபோதும் அவர் முகம் மலரவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அவற்றைப் படித்திருக்கவில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடஞ் சொன்னதில்லை.

இந்த இடத்திலே நம்மைப் போன்ற ஆசிரியர்கள் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். படித்த ஒருவரைப் பார்த்து, நீர் படித்ததனால் என்ன பயன் என்று கேட்டால் இரண்டில் ஒன்று நிகழும். கேட்டவர்மீது சினம் பிறக்கும்; அல்லது படித்தவற்றின்மீது ஐயம் பிறக்கும். பெரும்பாலோருக்குப் பிறப்பது சினமே. பட்டம் பெற்றவரிடத்திலே இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்! ஐயரவர்களுக்கும் மனம் வாடியது உண்மை. எனினும், நூல் கிடைத்தாற் படித்துப் பாடஞ் சொல்ல முடியும் என்று துணிந்து கூறினார். முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றை வருவித்துக் கொடுத்தார். கொடுத்ததோடு நில்லாமல், தாமே அவரிடம் மாணாக்கராக இருந்து அந்நூலைப் பாடங் கேட்கவும் முன்வந்தார். கேள்வி கேட்டவரே மாணாக்கராகிவிட்டார்!

முதலியாரை நண்பர் என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுதான். குறை காட்டிவிட்டு அகல்பவர் திறனாய்வாளர்; குறை காட்டி, அதனைத் தீர்க்க உடன் அமர்பவர் நண்பர்.

கேள்வி மட்டுமே ஐயரவர்களை உண்டாக்கிவிட்டது என்று கொள்ளுதலும் பொருந்தாது. முதலியார் பயனற்றவை என்று தள்ளிய அந்த அந்தாதிகளிலும் கலம்பகங்களிலும் ஐந்தாண்டு உழன்றதனாலேதான் ஐயருக்குச் சொல்லாட்சியும் யாப்பறிவும் கைவந்தன. அவை இல்லாதிருப்பின், பிழை மலிந்த பிரதி ஒன்றிலே எது பாட்டு, எது உரை, எது பிரதி செய்தவன் பிழை என்று அவர் பிரித்தறிந்திருத்தல் இயலாது. ஆசிரியர் நிலத்தைப் பண்படுத்தினார். நண்பர் விதையை இட்டார். செட்டியார் அந்தப் பதவியை விட்டுக்கொடாதிருப்பின், பெப்ரவரியிலே ஐயர் கும்பகோணத்துக்கு வந்திருக்கவும் மாட்டார். அக்டோபரிலே முதலியாரைச் சந்தித்திருக்கவும் மாட்டார். ஒரு வாழ்க்கையின் பயன் எத்தனை கைகளிலே ஏறி இறங்கி வருகின்றது, பாருங்கள்!

மீண்டும் மாணாக்கர்

சிந்தாமணி சமண காவியம். அதன் சமயக் கருத்துக்கள் ஐயரவர்களுக்குப் புதியவை. பண்டிதர் என்ற பெயரை வைத்துக்கொண்டு ஊகத்தினாற் பொருள் சொல்லிக் காலங்கழித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. கும்பகோணத்திலே வாழ்ந்த சமணர் வீடுகளைத் தேடிச் சென்றார். அங்கே ஒரு வீட்டிலே தோரணங் கட்டி விழாக் கொண்டாடுவதைக் கண்டு காரணம் கேட்டபோது, சிந்தாமணியைத் தொடர்ந்து படித்து வந்தோம், இன்று நிறைவு என்று அவர்கள் கூறக் கேட்டு வியந்தார். கல்லூரிக்கும் மடத்துக்கும் எட்டாதிருந்த நூல் அடுத்த தெருவிலே உயிரோடிருந்தது! அவர்களிடம் அடக்கத்தோடு கேட்டுக் கேட்டு ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார்.

சைவச் சூழலிலே வளர்ந்தவர் சமண நூலை அச்சிடலாமா என்று கண்டித்தவர்களும் இருந்தனர். அவர் தளரவில்லை. நச்சினார்க்கினியர் உரையிலே பெயர் சொல்லாமல் மேற்கோளாக வந்த அடிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. திருவாவடுதுறையிலே கிடைத்த பழைய ஏடுகளைப் புரட்டியபோது அவ்வடிகள் சங்க நூல்களிலே இருப்பதைக் கண்டார். ஒரு கேள்விக்கு விடை தேடப் போனவருக்கு மற்றொரு கேள்வி வாயிலைத் திறந்தது. சிந்தனை என்பது இதுவேயன்றி, கன்னத்திலே கைவைத்து உட்கார்ந்திருப்பதன்று.

1887ஆம் ஆண்டிலே சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வந்தன. முதலியார் கேட்ட மூன்று நூல்களும் அந்தப் பட்டியலிலே இருக்கின்றன என்பதைக் கவனித்தல் வேண்டும்.

மறுப்பும் மதிப்பும்

இக்கதையிலே நம் நாட்டவர் ஒருவருக்கும் இடம் உண்டு. சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். பட்டம், பதவி ஆகியவற்றோடு அமைதி கொள்ளாமல், செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளை அச்சேற்றுவதிலே தம் பொருளையும் உடலையும் செலவிட்டவர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885ஆம் ஆண்டிலும், கலித்தொகையை 1887ஆம் ஆண்டிலும் பதிப்பித்தார். அவரும் கும்பகோணத்திலே வாழ்ந்த காலம் ஒன்று உண்டு.

சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பிய பிள்ளையவர்கள், ஐயரிடம் அதனைக் கேட்டார். மூத்தவர், பட்டதாரி, பதிப்புத் துறையிலே முன்னரே இறங்கியவர் கேட்கின்றார். இளையவர் என்ன செய்வார்? பல நாள் உழைத்து ஆராய்ந்த நூலைக் கைவிட ஐயருக்கு மனம் வரவில்லை, மறுத்துவிட்டார். இங்கே பகை முளைத்திருந்தால் எவரும் வியந்திரார். சிறிய காரணங்களுக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஆண்டுக்கணக்காக வாழ்கின்ற அறிஞர்களையும் அயலவர்களையும் நாம் காணாமலா இருக்கின்றோம்? ஆனால், தாமோதரம்பிள்ளை 1901ஆம் ஆண்டிலே மறைந்தபோது, அவருக்காக இரங்கற்பாப் பாடியவர்களுள் ஐயரும் ஒருவர். நண்பர் கேட்டதையெல்லாம் கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. கொடாதபோதும் மதிப்புக் குறையாதிருத்தலே முக்கியம். இருவரும் விரும்பியது தம் பெயரை மாத்திரமன்று, நூல் அழியாதிருத்தலையும் என்பதனால் அது இயன்றது.

நம் வீடுகளிலே

இனி, இக்கதையை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவோம். எமது வகுப்புக்களிலே நாம் ஒரு பாடலின் நயத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு கை எழும்பும். "சேர், இது பரீட்சைக்கு வருமா?" என்ற கேள்வி பிறக்கும். இதுவும் பயனைப் பற்றிய கேள்விதான். ஆனால், முதலியார் கேட்டதற்கும் இதற்கும் எத்துணை வேற்றுமை! அவர் கேட்டது, படித்தது உம்மை எங்கே கொண்டுசெல்கின்றது என்பது. இது கேட்பது, எதைப் படியாமல் விடலாம் என்பது.

பிள்ளைகளைக் கடிந்து பயனில்லை. ஐந்தாந் தரத்துப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரையிலே பரீட்சை என்னும் ஒற்றையடிப் பாதையிலே நாமே அவர்களை ஓட்டிச் செல்கின்றோம். பள்ளிக்கூடம் விட்டாற் தனியார் வகுப்பு. அது விட்டால் மற்றொரு வகுப்பு. பல்கலைக்கழகத்திலே இடம் குறைவு, போட்டி மிகுதி. பெற்றோரின் அச்சம் பொய்யானதன்று. அதனைப் பரிகசிப்பது ஆசிரியருக்கு அழகும் அன்று. பெறுபேறு வேண்டியதே. ஆனால், பெறுபேற்றோடு முடிந்துபோகின்ற கல்வி, ஐயரவர்கள் இருபத்தைந்து வயதிலே பண்டிதர் பதவியோடு நின்றிருந்தால் எப்படியோ அப்படியாகும். அவர் அங்கே நின்றிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நம் கைக்குச் சங்க நூல்கள் எப்பொழுது வந்திருக்குமோ!

ஆகவே, வீட்டிலே பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரவுச் சாப்பாட்டு வேளையிலே, கைத்தொலைபேசியைச் சற்று அப்பால் வைத்துவிட்டு, இன்று எத்தனை புள்ளி எடுத்தாய் என்பதோடு மற்றொன்றையும் கேட்கலாம்: இன்று உனக்கு விளங்காமற் போனது எது? இக்கேள்விக்கு அஞ்சாமல் விடை சொல்லும் பிள்ளை, விளங்காததைத் தேடிப் போகும் பிள்ளையாக வளரும். விடை தெரியாவிட்டால் தாயும் தகப்பனும் வெட்கப்பட வேண்டியதில்லை. முதலியாரைப் போல உடன் அமர்ந்து படிக்கலாம்.

முதிர்ந்த நமக்கும் இது பொருந்தும். நாற்பதைக் கடந்த பின்னர் நம்மிடம் கேள்வி கேட்போர் குறைந்துவிடுகின்றனர். வீட்டிலே மரியாதை, அலுவலகத்திலே அனுபவம், வகுப்பிலே அதிகாரம் என்று மூன்று சுவர்கள் எழும்பிவிடுகின்றன. நாம் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பவர்களையே நண்பர்களாகத் தேர்ந்துகொள்கின்றோம். பழகுவதற்கு அவர்கள் இனியவர்கள்தாம். ஆயினும், நீ இப்பொழுது செய்துகொண்டிருப்பதனாற் பயன் என்ன என்று கேட்கும் உரிமையை ஒருவருக்காவது நாம் கொடுத்திருத்தல் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாதவர் எவ்வளவு உறவினரோடு வாழ்ந்தாலும் தனித்திருப்பவரே.

குறுந்தொகைப் பதிப்பு 1937ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அப்பொழுது ஐயரவர்களுக்கு வயது 82. சோறும் பாடமும் தந்த ஆசிரியர் இல்லை. இடம் விட்டுக்கொடுத்த செட்டியார் இல்லை. கேள்வி கேட்ட முதலியாரும் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. எனினும், கும்பகோணத்திலே ஒருநாள் கேட்ட அக்கேள்விக்கு அவர் விடை சொல்லிக்கொண்டே இருந்தார். பயனுள்ள வாழ்க்கை என்று நாம் சொல்வது இதனைத்தான். நமக்கு வாய்த்த ஆசிரியரையும் நண்பரையும் எண்ணிப் பார்த்து, அவர்களுள் இன்னும் உயிரோடிருப்பவர் எவரேனும் உளராயின், இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையிலேயே ஒருமுறை சென்று கண்டு வருதல் நன்று.